இடைவேளையிலிருந்து சொல்லுங்க

ஒரு நாள் ஆபீசுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன். மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் வரும் வழியில் பஸ் டயர் வெடித்துவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. முதலாளி முறைத்துக்கொண்டிருந்ததால், காலையில் பால்காரர் வராததில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த கதை எழுதுகிறவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மிணி, இடைவேளையிலிருந்து சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பட்ட பாடு இவருக்குப் பால்காரரோடு முடிந்துபோயிற்றா என்று இருந்தது. "டயர் வெடிச்சுருச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். முதலாளியும் அத்தோடு விட்டுவிட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. சேலத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். சினிமாக் கொட்டகைகளுக்கு விளம்பர ஸ்லைடு செய்துகொடுப்போம். சங்கங்களும் சபைகளும் கேட்டால் பத்து நிமிஷத்தில் ஓடி முடிகிற படமும் எடுத்துத் தருவோம். இப்போது அதைக் குறும்படம் என்கிறார்கள், போட்டியெல்லாம் வைக்கிறார்கள். நாங்கள் சின்னப் படம் என்போம், அதற்கு மேல் மரியாதை கொடுத்ததில்லை. முதலாளி, கேமராக்காரர், கதை எழுதுகிற அவர், தட்டச்சு அடிக்கிற நான் என்று நாலே பேர். நான் அடித்துக் கொடுத்ததை அவர் கத்தரிக்கோலால் வெட்டுவார். ஒரு காட்சிக்கு ஒரு துண்டு. துண்டுகளை மேஜையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் பாதியைக் குப்பைக் கூடையில் போடுவார். அத்தனையும் என் விரல் வலி.

ஐம்பதை நெருங்கிய ஒல்லியான மனிதர். அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் இருந்தார். அதனாலோ என்னவோ, பேசும்போது எதிராளி காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுவார். எங்களிடம் வருவதற்கு முன் ஒரு படக் கம்பெனியின் கதை இலாகாவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். பெரிய படம் அவருக்கு ரீல் ரீலாக அத்துப்படி. "மூணாவது ரீல் முடியறதுக்குள்ள அவனுக்கு என்ன வேணும்னு சனத்துக்குத் தெரிஞ்சுரோணும். ஒம்பதாவது ரீல்ல முடிச்சு விழோணும், இடைவேளை. பதினஞ்சாவது ரீல்ல எல்லாம் கைய விட்டுப் போயிரோணும். அப்பறம் ஒண்ணொண்ணா வாங்கிக் குடுக்கலாம்" என்பார். சமையல் குறிப்பு சொல்கிற நிதானத்தில் சொல்வார்.

பதினெட்டு வருஷத்தில் அவர் பெயர் ஒரு தடவைகூடத் திரையில் வந்ததில்லை. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். நாலைந்து பேர் உட்கார்ந்து கதை பண்ணுவார்கள், திரையில் 'கதை இலாகா' என்று வரும். அவர் அதற்காக யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மனைவிக்குத்தான் அது ஆறவில்லை. அந்த அம்மாவுக்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான் பிறந்த வீடு. கம்பெனிப் படம் எது வந்தாலும், முதல் நாள் பகல் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவாராம். ஆரம்பத்தில் பெயர்களை எழுத்துப் போடுகிறபோது கண் கொட்டாமல் படிப்பாராம். எழுத்து முடிந்ததும் பெருமூச்சு விட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாராம். இதை இவரே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவின் அண்ணன் ஒருவர், மல்லசமுத்திரத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். பார்க்கிற விசேஷத்தில் எல்லாம், "மாப்ளே, படம் முச்சூடும் பாத்தேன், உங்க பேரத்தான் காணமுங்க" என்று கேட்டு மானத்தை வாங்குவார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பார். இவர் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாராம்.

எங்களிடம் வந்து அவர் எழுதிய முதல் சின்னப் படம் கோழிப் பண்ணைக்காரர்களுக்கானது. கோழிகளுக்கு நோய் வருவதற்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும் என்பதுதான் விஷயம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய படத்தின் பதினெட்டு ரீல் கணக்கை அப்படியே பத்து நிமிஷத்துக்கு வகுத்துவிட்டார். முதல் நிமிஷத்தில் பண்ணைக்காரரின் சிறு வயது. பிறகு கல்யாணம், கால் நிமிஷம் பாட்டு. நகைச்சுவைக்கு என்று முட்டை திருடுகிற ஒரு ஆள். ஐந்தாவது நிமிஷத்தில் கோழிகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன, பண்ணைக்காரர் தலையில் கை வைக்கிறார். திரையில் பெரிதாக 'இடைவேளை' என்று போட்டார்.

நாமக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி மறைத்து, பட்டப்பகலில் அதை ஓட்டினோம். இடைவேளை என்ற எழுத்தைப் பார்த்ததும் மண்டபமே எழுந்தது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எல்லாரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். எழுத்து மறைந்து படம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஊசியைப் பற்றி டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறார், கேட்பதற்கு நாங்களும் மண்டபத்துக் காவல்காரரும்தான். முறுக்கும் கையுமாகத் திரும்பி வந்தபோது படம் முடிந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். "மறுபாதி எப்பங்க போடுவீங்க?" என்று ஒருவர் கேட்டார். கோழி சாகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு ஊர் கலைந்தது. பயந்துபோய் அந்த வாரமே கோழிகளை விற்றவர்களும் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டோம்.

முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். இவர் நாலைந்து நாள் அரை டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் என் மேஜைக்கு வந்து, "அம்மிணி, நான் பெரிய சட்டையச் சுருக்கிக் கொழந்தைக்கு மாட்டிட்டேன். இது வேற ஒடம்பு, வேற அளவு" என்றார்.

அதிலிருந்து அவர் எழுதுகிற முறையே மாறிவிட்டது. பெரிய படத்தில் எந்த இடத்தில் இடைவேளை விடுவார்களோ, அந்த இடத்தில்தான் சின்னப் படம் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கிறவர்களே ஊகித்துக்கொள்வார்கள். ஒரே ஆள், அந்த ஆளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வில்லன் கிடையாது, பத்து நிமிஷத்தில் ஒருவனை வெறுக்க நேரமில்லை. நகைச்சுவைக்குத் தனி ஆள் வேண்டாம், அழுகிறவனே ஒரு இடத்தில் சிரிப்பு மூட்டினால் போதும். முடிவு வந்த பிறகு மட்டும் அவசரப்படக் கூடாது, ஒரு மூச்சு நிற்க வேண்டும். "பெரிய படத்துல முடிஞ்சதும் வணக்கம் போட்டுருவோம். சின்னப் படத்துக்கு அந்தக் கடைசி மூச்சுலதான் உசுரு" என்பார்.

அவருடைய தொந்தரவு என்னவென்றால், படத்துக்குக் கண்டுபிடித்ததை எல்லாருடைய வாழ்க்கைக்கும் மாட்டிப் பார்ப்பார். யார் பேச்சையும் முழுதாகக் கேட்கிற பொறுமை போய்விட்டது. நாத்தனாரோடு எனக்கு நடந்த சண்டையை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால், "சரி, அவிங்களுக்கு என்ன வேணும்?" என்று குறுக்கே விழுவார். எனக்குத் தெரியாது. அதோடு சண்டையின் ருசியே போய்விடும்.

கேமராக்காரரின் அப்பா இறந்துபோனார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு, துக்கம் கேட்க நாங்கள் மூவரும் போனோம். கேமராக்காரர், அப்பாவுக்கு முதலில் இருமல் வந்ததிலிருந்து, எந்த எந்த வைத்தியரிடம் போனார்கள், என்ன என்ன பத்தியம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே சலித்துப்போயிருந்தது. இவர் அவர் கையைப் பிடித்து, "கடைசியா என்ன கேட்டாருங்க?" என்றார். கேமராக்காரர் வாசற்கதவைத் திரும்பிப் பார்த்து, "கதவத் தொறந்து வைக்கச் சொன்னாருங்க, பனியடிக்குதுன்னு நாந்தான் தொறக்கல" என்று சொல்லி, அதுவரை அழாதவர், உடைந்து அழுதார்.

எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. துக்க வீட்டிலுமா வெட்டுவார் ஒரு மனிதர்? ஆனால் பத்து நாள் கழித்து ஆபீசுக்கு வந்த கேமராக்காரர் நேராக இவரிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

கிணற்றுப் படம் வந்தது அதற்கு மறுவருஷம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிணறு என்றால் வீடு கட்டுகிற அகலத்துக்கு வெட்டியிருப்பார்கள். சுற்றுச்சுவர் இருக்காது. புல்லும் தரையும் ஒரே மட்டத்தில் போய் சட்டென்று பள்ளமாகிவிடும். சுவர் கட்டச் சொல்லி ஒரு விவசாயிகள் சங்கம் படம் கேட்டது. சங்கத்துச் செயலாளர், படத்தில் ஒரு குழந்தை விழுந்து சாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"செத்தாத்தானுங்க பயப்படுவாங்க" என்றார்.

"செத்துட்டா ஐயோ பாவம்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. பொழச்சுக்கிட்டாத்தானுங்க அவிங்கவிங்க கெணறு நெனப்புக்கு வரும்" என்றார் இவர்.

கதை இவ்வளவுதான். எடுத்ததுமே ஒரு தாய் தோட்டம் காடெல்லாம் கத்திக்கொண்டு ஓடுகிறாள். குழந்தையைக் காணவில்லை. கிணற்றங்கரையில் கூட்டம், ஆட்கள் கயிறு கட்டி இறங்கித் துழாவுகிறார்கள். கரையில் உட்கார்ந்திருக்கிற அப்பன், "அறுப்பு முடியட்டும், கட்டிரலாம்னு இருந்தனே" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறான். கடைசியில் குழந்தை சோளத் தட்டுப்போருக்குப் பின்னாலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், ஆளுக்கு ஆள் குழந்தையைத் தூக்குகிறார்கள். தாய் மட்டும், குழந்தையைக் கையில் வாங்கின பிறகும், திரும்பி அந்தக் கிணற்றைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை எட்டு நொடி நிற்கிறது. படம் முடிகிறது.

தட்டச்சு அடித்து முடித்ததும் கடைசித் தாளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். "இது எங்கீங்க புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுல" என்றார். அவர் மகளுக்கு நாலு வயதில், மச்சான் தோட்டத்தில் அரை மணி நேரம் காணாமல் போய்விட்டாளாம். தட்டுப்போரில் தூங்கியிருக்கிறாள். மகளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனால், அந்த அம்மா வாசலில் செருப்பை விடுவதற்கு முன் கிணற்றடிக்குப் போய் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாராம்.

இந்தப் படத்துக்கு எழுத்துப் போடும்போது முதலாளிக்கு என்ன தோன்றியதோ, "உங்க பேரையும் போட்டுக்கங்க" என்றார். லாரிகளுக்குப் பின்னால் எழுதுகிற ஒரு பெயின்டரைக் கூப்பிட்டு, கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தில் 'கதை, வசனம்' என்று போட்டு அதற்குக் கீழே அவர் பெயரை எழுதினோம். அட்டை காயும் வரை அவர் பக்கத்திலேயே நின்றார். ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு நின்றார். வீட்டில் சொல்லிவிட்டார் என்பது மறுவாரம் தெரிந்தது. அந்த அம்மா அண்ணனுக்குக் கடுதாசி போட, அண்ணன் சொந்தபந்தத்துக்கெல்லாம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். முதல் காட்சி மல்லசமுத்திரத்து மண்டபம் ஒன்றில், சந்தை நாள் பகலில்.

காட்சிக்கு இரண்டு நாள் முன்பு மெட்ராஸிலிருந்து பிரிண்ட் வந்தது. ஒரே பிரிண்ட். ரீலில் சுற்றிப் பார்த்தால் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி நிற்கிறது. ஓட்டிப் பார்த்தபோது கடைசிச் சுற்றுகள் நழுவித் தரையில் விழுந்தன. பெரிய ரீல் மாட்ட எங்கள் பழைய புரொஜெக்டரின் கை எட்டாது. ஐந்தடி பிலிம் எடுத்தாக வேண்டும். ஐந்தடி என்றால் எட்டு நொடி.

சங்கத்துத் தலைவர், செயலாளர் பெயர்களில் கை வைத்தால் சங்கம் படத்தையே வாங்காது. நடுவில் எங்கே தொட்டாலும் வசனம் துண்டாகிவிடும். மிஞ்சியது இரண்டுதான். தாயின் அந்தப் பார்வை, இல்லாவிட்டால் அவர் பெயர்.

"பார்வைய எடுத்துருங்க" என்றேன் நான். "கொழந்த கெடச்சதும் படம் முடிஞ்சுதுங்க. அதுக்கு மேல ஒருத்தருக்கும் தெரியப் போறதில்ல."

"கதைக்கு எது வேணும் அம்மிணி?"

"கதை கெடக்குதுங்க. ஊட்ல சொல்லியிருக்கறீங்க."

அவர் பிலிமைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டம் கட்டமாக அவர் பெயர். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிளேடை எடுத்து இரண்டு பக்கமும் நறுக்கினார், முனைகளைச் சுரண்டிப் பசை தடவி ஒட்டினார், காயட்டும் என்று ஊதினார். எனக்குத்தான் அழுகை வந்தது, அது அவர் மேல் இரக்கமா ஆத்திரமா என்று இன்று வரை தெரியவில்லை. "இன்னைக்கே ஊட்ல சொல்லிருங்க" என்றேன். "சொல்றேன்" என்றார்.

சொல்லவில்லை.

சந்தை நாளன்று அந்த அம்மா அரக்குப் பட்டு கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணன், பின்னால் இரண்டு வரிசைக்குச் சொந்தக்காரர்கள். இவர் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டார். சாக்குப் படுதாவை இழுத்துவிட்டோம். படத்தின் பெயர் வந்தது. சங்கத்தின் பெயர், தலைவர், செயலாளர் பெயர்கள் வந்தன. அடுத்ததாக, காட்டில் கத்திக்கொண்டு தாய் ஓடி வந்தாள். முன் வரிசையில் அண்ணன் தலையைத் திருப்பித் தங்கச்சியைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா அசையவில்லை.

படம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். கயிற்றில் இறங்கும்போது மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. குழந்தை எழுந்து வந்தபோது சிரித்தார்கள், கை தட்டினார்கள். தாய் திரும்பிக் கிணற்றைப் பார்த்தாள். அந்த எட்டு நொடியில் சிரிப்பு தானாக அடங்கியது. படுதாவை விலக்கிய பிறகும் ஒருவரும் உடனே எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும், "எங்கூட்டுக் கெணத்துக்கும் செவுரு இல்லீங்க" என்று யாரிடமோ சொன்னார். அண்ணன் இவரிடம் வந்து, வழக்கமான கேலிக்கு வாயைத் திறந்து, பிறகு தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "வாரேனுங்க மாப்ளே" என்று போய்விட்டார். இருபது வருஷத்தில் அவர் கேட்காமல் போனது அன்றைக்குத்தான்.

சேலம் பஸ்ஸுக்காக அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். வழியனுப்ப நானும் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொம்பள நானுங்களா?"

"ஆமா."

"என்ற பயத்தச் சந்தைச் சனமே பாத்துருச்சு. உங்க பேரு எங்கீங்க?"

"இருந்துச்சு. ரீலு பத்தல. நாந்தான் வெட்டுனேன்."

"எத்தன நேரம் வரும் அது?"

"எட்டு நொடி."

அவர் அதைச் சொன்ன விதத்தில், எட்டே எட்டு நொடிதானே என்கிற சமாதானம் இருந்தது. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், முகம் மாறியது. அந்த அம்மா பட்டுப் புடவையின் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருவது வருசமா அந்த எட்டு நொடிக்குத்தானுங்க நான் கொட்டாய்க்குப் போனேன். கதை பாக்கறதுக்குன்னா நெனச்சீங்க?"

பஸ் வந்தது. அந்த அம்மா முதலில் ஏறி, இரண்டு பேர் உட்காருகிற இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டார். அவர் ஏறி, அந்தப் பைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பி வளைவில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டுதான் போனார்.